வாராத வானூர்திகள்

நுழையும்முன்

இராயபுரம் முதல் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரையில் துறைமுகங்களும் அனல்மின் நிலையமும் எண்ணெய்க் கிடங்குகளும் ஊர்தித் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. அங்குள்ள கருவிகளை இருவகைப்படுத்தலாம். நாள்தோறும் இயங்குபவை ஒருவகை. தேவை வரும் நாளுக்காகக் காத்திருப்பவை மற்றொரு வகை. இயங்கும் கருவி பழுதுற்றால் உடனே தெரிந்துவிடும். தீயணைப்புப் பம்பு, பாதுகாப்பு வால்வு, மாற்று மின்னாக்கி போன்ற காத்திருக்கும் கருவிகளின் பழுதோ அவை தேவைப்படும் கணத்தில்தான் வெளிப்படும். இவ்வாறு மறைந்திருக்கும் பலவீனத்தை, தற்செயலாக நிகழ்பவை விட்டுச்செல்லும் தடயங்களைக் கொண்டு முன்னரே அளந்தறிய இயலுமா? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இதையொத்த வினாவிற்கு விடை கண்டவர் ஆபிரகாம் வால்டு. தமிழ்நாட்டின் மலைப்பகுதியில் உயிர்நீத்த அக்கணித அறிஞரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஆபிரகாம் வால்டு, 1902ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் திரான்சில்வேனியாவிலுள்ள குளுஜ் நகரில் பிறந்தார். அந்நகர் அப்பொழுது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சார்ந்திருந்தது. முதல் உலகப்போருக்குப்பின் ருமேனியாவின் பகுதியாயிற்று. வால்டின் குடும்பம் சமயநெறியில் உறுதியான யூதக் குடும்பமாகும். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள். அந்நாளிலும் பள்ளிக்கு வரவேண்டும் என்னும் விதி இருந்தமையால், வால்டு பள்ளிக்குச் செல்லவில்லை. பெற்றோரே அவருக்கு வீட்டில் பாடம் கற்பித்தனர். பள்ளிப்படியை மிதிக்காமலே வளர்ந்த அவர், குளுஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று தேர்ந்தார்.

மேற்படிப்பிற்காக 1927இல் வியன்னா சென்றார். அங்குக் கணிதப் பேராசிரியர் கார்ல் மெங்கரிடம் மாணவராகச் சேர்ந்து, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். வடிவியலே அவருடைய முதல் ஆய்வுப்புலம். மெங்கர் நடத்திய கணித அரங்கில் வால்டு தொடர்ந்து பங்கேற்றுப் பல கட்டுரைகளை வழங்கினார்.

திறமைக்கு ஏற்ற பணி அவருக்கு வியன்னாவில் கிடைக்கவில்லை. ஆஸ்திரியாவில் அக்காலத்தில் யூத வெறுப்பு ஓங்கியிருந்தது. யூதரும் அயல்நாட்டவருமான ஒருவர் பல்கலைக்கழகப் பதவியை எண்ணிப் பார்க்கவும் இயலாத சூழல் நிலவியது. பொருளியலில் ஈடுபாடு கொண்ட வங்கியாளர் கார்ல் சிலெசிங்கருக்கு உயர்கணிதம் கற்பிக்கும் ஆசிரியராக வால்டு அமர்ந்தார். பிழைப்பிற்காக ஏற்ற அப்பணி, அவருடைய ஆய்வையே வேறு திசைக்குத் திருப்பியது. சந்தையில் எண்ணற்ற பொருள்களின் விலைகள் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. அவை அனைத்தும் ஒரே நேரத்தில் பொருந்தும் சமநிலை உண்டா என்பதைப் பொருளியலார் ஊகமாகவே கொண்டிருந்தனர். குறிப்பிட்ட சில நிபந்தனைகளுக்குட்பட்டு அத்தகைய சமநிலை உண்டு என்பதை வால்டு கணிதவழியில் மெய்ப்பித்தார். ஆஸ்கார் மார்கென்ஸ்டெர்ன் தலைமையில் இயங்கிய வணிகச் சுழற்சி ஆய்வு நிறுவனத்திலும் அவர் பணியாற்றினார்.

புலம்பெயர்வும் பேரிழப்பும்

1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. யூதர்களின் வாழ்வு அங்கு நிலைகுலைந்தது. அந்நேரத்தில் அமெரிக்காவின் கௌல்ஸ் பொருளியல் ஆய்வுக்குழு வால்டைப் பணியாற்ற அழைத்தது. அவ்வழைப்பே அவருக்கு உயிர்காக்கும் வாய்ப்பாக அமைந்தது. அவ்வாண்டின் கோடைக்காலத்தில் அவர் அமெரிக்கா சென்றடைந்தார். பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹரால்டு ஹோட்டலிங் என்னும் புள்ளியியல் அறிஞருடன் இணைந்தார். அங்குத்தான் புள்ளியியல் அவருடைய முதன்மைத் துறையாயிற்று.

அவர் விட்டுவந்த குடும்பத்தாருக்கு அத்தகைய வாய்ப்பு கிட்டவில்லை. பெற்றோரும் உடன்பிறந்தோருமாக அவருடைய உறவினர் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டனர். உடன்பிறந்தோருள் எஞ்சியவர் ஒரே ஒருவர். அச்சகோதரரை வால்டு போருக்குப்பின் அமெரிக்காவிற்கு அழைத்துக்கொண்டார். 1941இல் லூசில் லாங் என்னும் அம்மையாரை வால்டு மணந்தார். அவர்களுக்கு இரு குழந்தைகள் பிறந்தனர்.

போர்க்காலப் புள்ளியியல்

1942இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆய்வுக்குழு ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. படைத்துறையினர் எழுப்பும் வினாக்களுக்குக் கணிதவழியில் விடைகாண்பது அக்குழுவின் பணி. ஆலன் வாலிஸ் அதன் ஆய்வு இயக்குநராக விளங்கினார். மில்டன் ஃபிரீட்மன், ஜேக்கப் வுல்ஃபோவிட்ஸ் முதலிய அறிஞர்கள் அதில் பணிபுரிந்தனர். வால்டும் அக்குழுவில் இடம்பெற்றார்.

வெடிகுண்டுகளைச் சோதித்து ஏற்பது படைத்துறையின் அன்றாடப் பணிகளுள் ஒன்று. ஒரு குவியலிலிருந்து இத்தனை குண்டுகளை வெடித்துப் பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே எண் குறிக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தில் வெடித்தவற்றிலேயே குவியலின் தரம் தெளிவாகிவிட்டாலும், குறித்த எண்ணிக்கை முழுவதையும் வெடித்துத் தீர்க்கவேண்டும். நேரமும் பொருளும் வீணாயின. இடையிலேயே நிறுத்த ஒரு முறையான விதி வகுக்க இயலுமா என்னும் வினாவை வாலிசும் ஃபிரீட்மனும் 1943இல் வால்டிடம் முன்வைத்தனர். சில நாள்களிலேயே வால்டு வழிகண்டார்.

அவர் வகுத்த முறை தொடர்முறைப் பகுப்பாய்வு எனப்படுகிறது. ஒவ்வொரு பொருளைச் சோதித்ததும் மூன்றிலொரு முடிவு எடுக்கப்படும். சான்று போதுமான அளவு நன்றாயிருந்தால் குவியலை ஏற்கலாம்; போதுமான அளவு தீதாயிருந்தால் தள்ளலாம்; இரண்டுமின்றேல் அடுத்த பொருளைச் சோதிக்கலாம். ஏற்பிற்கும் தள்ளுகைக்கும் உரிய எல்லைகளை நிகழ்தகவு வரையறுக்கிறது. தவறான முடிவிற்கான வாய்ப்பைக் கூட்டாமலேயே, சோதனைகளின் எண்ணிக்கையைச் சராசரியாக ஏறத்தாழ பாதியாக இம்முறை குறைத்தது. போர்க்காலத்தில் கமுக்கமாக வைக்கப்பட்டிருந்த இவ்வாய்வு, 1947இல் நூலாக வெளிவந்தது.

தெரிந்து தெளிவோம்

தொடர்முறைப் பகுப்பாய்விற்கு முன்னோடியாக அமைந்த முயற்சிகளுள் ஒன்றாக, இந்தியப் புள்ளியியல் அறிஞர் பிரசாந்த சந்திர மகலநோபிஸ் வங்காளத்தில் சணல் விளையும் பரப்பை மதிப்பிடப் பல கட்டங்களாக நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பை வால்டு குறிப்பிட்டுள்ளார். மகலநோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்.

வாராதவற்றின் கணக்கு

எதிரியின் குண்டுகளுக்கு இலக்காகும் வானூர்திகளுக்குக் கவசம் பொருத்தவேண்டும். உடல் முழுவதும் கவசமிட்டால் எடை மிகுந்து வானூர்தியின் வேகமும் பறக்கும் தொலைவும் குறையும். எனவே எப்பகுதி மிக நொய்ந்தது என்பதை அறிந்து, அங்கு மட்டும் கவசமிடுவதே தக்கது. தாக்குதலுக்குச் சென்று தளம் திரும்பிய வானூர்திகளின் உடலிலுள்ள குண்டுத் துளைகள் ஒவ்வொன்றும் குறித்துவைக்கப்பட்டன. துளைகள் மிகுதியாக உள்ள இடமே மிகுதியாகத் தாக்கப்படும் இடம் என்றும், அங்கேயே கவசம் வேண்டும் என்றும் எண்ணத் தோன்றும். இக்கருத்தைக் கொண்டிருந்த படை அதிகாரிகளை வால்டு ஒரே சொல்லில் திருத்தியதாகப் பிற்காலத்தில் ஒரு கதை பரவியது. எழுத்தில் எஞ்சியிருப்பது அக்கதையன்று. 1943இல் அவர் எழுதிய எட்டுக் குறிப்பேடுகளே. அவற்றில் காணப்படும் கணக்கு, கதையைக் காட்டிலும் ஆழமானது.

விளக்கத்திற்காக வால்டு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொண்டார். 400 வானூர்திகள் தாக்குதலுக்குச் செல்கின்றன; 380 திரும்புகின்றன. திரும்பியவற்றுள் 320 வானூர்திகளில் துளையே இல்லை. 32 வானூர்திகளில் ஒரு துளையும், 20இல் இரு துளைகளும், 4இல் மூன்று துளைகளும், 2இல் நான்கு துளைகளும், 2இல் ஐந்து துளைகளும் காணப்படுகின்றன. எஞ்சிய 20 வானூர்திகள் என்ன ஆயின, அவற்றின்மேல் எத்தனை குண்டுகள் எங்கெங்குப் பாய்ந்தன என்பதை எவரும் பார்க்கவில்லை.

குண்டு படாத வானூர்தி எதுவும் வீழ்வதில்லை என்பது வால்டின் அடிப்படை எடுகோள். எனவே துளையற்ற 320 போக, குண்டு பட்டவை 80. அவற்றுள் 60 மீண்டன, 20 மீளவில்லை. ஒரு குண்டு பட்டும் வானூர்தி தப்புவதற்கான நிகழ்தகவு எவ்வளவு? ஒவ்வொரு குண்டிற்கும் அது ஒரே அளவினது என்று முதலில் கொள்வோம். ஒருமுறை தாக்குண்டு மீண்ட வானூர்திகள் 32. அந்நிகழ்தகவால் 32ஐ வகுத்தால், ஒருமுறை தாக்குண்டிருக்கக்கூடிய வானூர்திகளின் எண்ணிக்கை கிடைக்கும். இருமுறை தாக்குண்டவற்றிற்கு இருமுறை வகுக்கவேண்டும், மும்முறைக்கு மும்முறை. இங்குத் தாக்குண்டவை என்பது, குண்டுகள் வானூர்தியை வீழ்த்தாமல் அடையாளம் மட்டும் இட்டிருந்தால் கிடைக்கும் எண்ணிக்கையைக் குறிக்கும். இவ்வாறு பெறும் எண்கள் அனைத்தின் கூட்டுத்தொகை 80 ஆகவேண்டும்.

இந்நிபந்தனையை நிறைவுசெய்யும் மதிப்பு ஏறத்தாழ 0.85. அம்மதிப்பை இட்டுப் பார்த்தால், 32, 20, 4, 2, 2 என்னும் எண்கள் முறையே ஏறத்தாழ 38, 28, 6, 4, 4 என விரிகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை 80. கண்ணுக்குத் தெரிந்த 60 வானூர்திகளிலிருந்து, தெரியாத 20 வானூர்திகளின் வரலாறு இவ்வாறு வெளிப்பட்டது. ஒரு குண்டு பட்டால் வானூர்தி வீழ்வதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து என்பது இதன் பொருள்.

அடுத்து, வானூர்தியை இயந்திரம், உடற்பகுதி, எரிபொருள் அமைப்பு, பிற பகுதிகள் என வால்டு பிரித்தார். எதிரியின் குண்டு குறிப்பிட்ட உறுப்பைத் தேர்ந்து பாய்வதில்லை. பரப்பிற்கு ஏற்பத் தற்செயலாகப் பாய்கிறது. எடுத்துக்காட்டில் இயந்திரப் பகுதியின் பரப்பு நூற்றுக்கு 27. ஆகவே நூறு குண்டுகளுள் 27 அங்குப் பாய்ந்திருக்கவேண்டும். மீண்ட வானூர்திகளில் இருந்த துளைகள் மொத்தம் 102. அவற்றுள் இயந்திரப் பகுதியில் இருந்தவை 19 மட்டுமே. குறைந்துபோன துளைகள் எங்கே? அவை மீளாத வானூர்திகளில் உள்ளன. கணக்கிட்டபோது, இயந்திரத்தில் குண்டு பட்ட வானூர்தி தப்புவதற்கான நிகழ்தகவு 0.59 ஆகவும், உடற்பகுதியில் பட்டது தப்புவதற்கான நிகழ்தகவு 0.94 ஆகவும் அமைந்தன. துளைகள் மலிந்த உடற்பகுதி குண்டைத் தாங்கவல்லது. துளைகள் அருகிய இயந்திரமே கவசம் வேண்டி நிற்பது.

இக்குறிப்பேடுகள் நெடுங்காலம் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. 1980இல் அமெரிக்கக் கடற்படைசார் ஆய்வு மையம் அவற்றை மறுபதிப்பாக வெளியிட்ட பின்னரே அறிவுலகம் அவற்றைப் பரவலாக அறிந்தது.

காத்திருக்கும் கருவிகள்

போருக்குப்பின் வால்டின் முறைகள் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தன. கருவிகளின் நம்பகத்தன்மையை ஆராயும் தனித்துறை வளர்ந்தபொழுது, தொடர்முறைப் பகுப்பாய்வு கருவிகளின் ஆயுளைச் சோதிக்கவும் பயன்பட்டது. மறைந்திருக்கும் பழுதுகளுக்கான நிகழ்தகவு மாதிரிகளும் அத்துறையில் உருவாயின.

எண்ணூரில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் தீயணைப்புப் பம்பு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அது பழுதுறும். பழுதுற்ற நாளை எவரும் அறியார். ஆண்டிற்கு ஒருமுறை மட்டும் அதை ஓட்டிப் பார்த்தால், பழுது சராசரியாக அரையாண்டுக் காலம் மறைந்து கிடக்கும். ஆகவே எந்த ஒரு நாளிலும் அப்பம்பு இயங்காமல் இருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ இருபதில் ஒன்று. திங்கள்தோறும் ஓட்டிப் பார்த்தால், அந்நிகழ்தகவு இருநூற்று நாற்பதில் ஒன்றாகக் குறையும். பம்பு மாறவில்லை, அதன் உறுதியும் கூடவில்லை. பழுது மறைந்திருக்கும் காலம் மட்டுமே குறைந்தது. தீ எந்நாளில் மூளும் என்பது தற்செயல். அத்தற்செயல் வந்து பழுதைக் காட்டுவதற்குமுன் சோதனை அதைக் காட்டிவிடவேண்டும் என்பதே பராமரிப்பின் நோக்கம்.

வால்டு உணர்த்திய எச்சரிக்கை இங்கும் பொருந்தும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பழுதுபார்க்க வரும் விசைப்படகுகளை மட்டும் கணக்கெடுத்து, எந்த உறுப்பு அடிக்கடி பழுதாகிறது என்று ஒருவர் பட்டியலிடலாம். அப்பட்டியல் கரைசேர்ந்த படகுகளின் பட்டியலாகும். நடுக்கடலில் கைவிடப்பட்ட படகில் எந்த உறுப்பு செயலிழந்ததோ, அது அப்பட்டியலில் இடம்பெறாது. மீனவரின் உயிரைக் காக்கவேண்டிய பட்டியலில் இடம்பெறவேண்டியது அவ்வுறுப்பே ஆகும். பட்டறையின் பதிவேட்டை நம்புவதற்குமுன், அதில் பதிவாக வாய்ப்பற்றவை யாவை என்று வினவவேண்டும்.

முடிவெடுத்தலின் அறிவியல்

1946இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிதப் புள்ளியியலுக்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டபொழுது, அதனை வழிநடத்தும் பொறுப்பு வால்டிடம் ஒப்படைக்கப்பட்டது. 1948இல் அவர் கணிதப் புள்ளியியல் கழகத்தின் தலைவரானார்.

புள்ளியியல் என்பது தரவுகளைத் தொகுத்துரைப்பதோடு அமைவதன்று; உறுதியற்ற சூழலில் முடிவெடுப்பதற்கான அறிவியல் என்பது அவருடைய கொள்கை. எந்த முடிவும் தவறாகக்கூடும். தவறினால் விளையும் இழப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்த்தே முடிவுகளை ஒப்பிடவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். நல்ல பம்பைப் பழுதானதென்று கருதிப் பிரித்துப் பார்த்தால் சிறிது உழைப்பு வீணாகும். பழுதான பம்பை நல்லதென்று விட்டுவிட்டால் உயிர்கள் போகும். இரு தவறுகளும் ஒரே நிறையின அல்ல. இக்கருத்துகளைக் கணித ஒழுங்கில் முழுமையாக வகுத்துரைக்கும் அவருடைய நூல் 1950இல் வெளிவந்தது.

நீலகிரியில் நிறைவு

அவ்வாண்டின் இறுதியில், இந்திய அரசின் அழைப்பை ஏற்று விரிவுரை ஆற்றுவதற்காக வால்டு தம் துணைவியாருடன் இந்தியா வந்தார். கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்குச் சென்றார். 1951 சனவரியில் பெங்களூரில் நடைபெறவிருந்த இந்திய அறிவியல் மாநாட்டில் கலந்துகொள்வதாகவும் இருந்தார். அதற்குமுன் தென்னிந்தியப் பயணம் மேற்கொண்டார்.

1950ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் அவர்கள் பயணம் செய்த ஏர் இந்தியா வானூர்தி, அன்றைய சென்னை மாநிலத்தின் நீலகிரி மலைத்தொடரில், ரங்கசாமித் தூண் எனப்படும் பாறைக்கருகே மோதி வீழ்ந்தது. அதில் இருந்த அனைவரும் உயிரிழந்தனர். வால்டிற்கு அப்பொழுது வயது நாற்பத்தெட்டு. குழந்தைகள் இருவரும் அமெரிக்காவில் இருந்தனர்.

அவர் புள்ளியியலில் முழுமையாக ஈடுபட்ட காலம் பன்னிரண்டு ஆண்டுகளே. அக்குறுகிய காலத்தில் அவர் விட்டுச்சென்ற முறைகள், மருந்துகளின் ஆய்விலும் தொழிற்சாலைகளின் தரச்சோதனையிலும் கருவிகளின் பராமரிப்பிலும் இன்றும் கையாளப்படுகின்றன. நாட்டையும் சுற்றத்தையும் இழந்த அவர், மீண்டு வந்தவற்றை மட்டும் எண்ணி முடிவுசெய்யலாகாது என்பதை ஐயத்திற்கிடமின்றிக் கணக்கிட்டுக் காட்டினார். திரும்பாத இருபது வானூர்திகளில் இருந்தவர்கள் எதையும் சொல்ல இயலாது. அவர்கள் சொல்லியிருக்கக்கூடியதைத் திரும்பியவற்றிலிருந்து கேட்டறிந்து, அடுத்துப் புறப்படுவோரைக் காப்பதற்கு ஒரு வழியை அவருடைய கணக்கு வகுத்தது.